ஒரே மாதிரி இருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் பிடிப்பது எப்படி?

முதலில் ஒன்றை நிறுத்துங்கள். குழப்பும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஜோடியாக மனப்பாடம் செய்வதைத்தான் சொல்கிறேன். ஜோடியாகப் படித்தால் ஜோடியாகத்தான் ஞாபகம் வரும், எது எது என்பது மட்டும் வராது. இரண்டில் அடிக்கடி பயன்படும் ஒன்றை மட்டும் எடுத்து, நாலைந்து வாக்கியம் எழுதிக் கெட்டியாகப் பிடியுங்கள். அது கைக்கு வந்த பிறகு மற்றதைத் தொட்டால் போதும்.

அப்புறம், எதனால் குழம்புகிறது என்று பாருங்கள். காதா, எழுத்தா, பொருளா? மருந்து மூன்றுக்கும் ஒன்றல்ல.

நமக்குப் பெரிய தலைவலி காதுதான். ஆங்கிலத்தில் எஸ் ஒலியும் இசட் ஒலியும் வேறு வேறு, தமிழில் இசட் ஒலியே கிடையாது, அதனால் இரண்டையும் 'ஸ்' என்றே சொல்லிவிட்டு எழுதும்போது திணறுகிறோம். தொண்டையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியையும் இழுத்துச் சொல்லிப் பாருங்கள். எஸ் சொல்லும்போது வெறும் காற்றுதான், இசட் சொல்லும்போது தொண்டை அதிரும். இப்போது லூஸ் என்ற சொல்லுக்கு வருவோம். தொளதொளவென்று இருப்பதைச் சொல்லும் லூஸில் இரண்டு ஓ உண்டு, கடைசி ஒலியில் அதிர்வு இல்லை. தொலைப்பது, தோற்பது என்றால் ஒரே ஒரு ஓ, அதிர்வு உண்டு. அட்வைஸும் இதே கதைதான்: அறிவுரை என்ற பெயர்ச்சொல்லில் கடைசி மெய்யெழுத்து சி, அதிராது, அறிவுரை கூறு என்ற வினையில் எஸ், ஆனால் ஒலிப்பது இசட் போல. யூஸ், ஹவுஸ் இரண்டையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள், ஸ்பெல்லிங் மாறாவிட்டாலும் பெயர்ச்சொல்லாக வரும்போது அதிராது, வினையாக வரும்போது அதிரும்.

அட்வைஸைச் சரியாகப் பிடித்தால் பிராக்டிஸும் கூடவே வந்துவிடும். பிரிட்டிஷ் முறையில் பெயருக்கு சி, வினைக்கு எஸ், உச்சரிப்பு மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் சி போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை!

அடுத்தது எல்லோரையும் படுத்தும் அஃபெக்ட், எஃபெக்ட். முன்னால் 'தி' அல்லது 'ஆன்' என்ற ஆர்ட்டிகிளைப் போட்டு, அந்தச் சொல்லோடு நிறுத்த முடிந்தால் அது பெயர்ச்சொல், ஈ-யில் தொடங்கும் எஃபெக்ட். ஒன்று இன்னொன்றைப் பாதிக்கிறது என்று வினையாகச் சொன்னால் ஏ-யில் தொடங்கும் அஃபெக்ட். மாற்றத்தைக் கொண்டுவருவது என்ற பொருளில் எஃபெக்ட் வினையாகவும் வரும், உளவியலில் அஃபெக்ட் பெயராகவும் வரும், ஆனால் அதையெல்லாம் இப்போதே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

எழுத்தில் மட்டும் குழப்புபவற்றுக்குச் சின்னச் சின்னக் கொக்கிகள் போதும். இட்ஸ் எழுதும்போது அதை 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் படியுங்கள், வாக்கியம் நின்றால் எஸ்ஸுக்கு முன் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) போடுங்கள், நிற்காவிட்டால் வேண்டாம். தென், தேன் இரண்டில் ஒப்பிடும் 'விட' வந்தால் ஏ, 'அப்புறம்' வந்தால் ஈ. காகிதம், பேனா வகையறாவைக் குறிக்கும் ஸ்டேஷனரியில் கடைசி ஆர், ஒய்க்கு முன்னால் வரும் எழுத்து ஈ, என்வலப்பின் ஈ. அசையாமல் நிற்பதற்கு ஏ. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை: ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரைத்தான் அந்தக் காலத்தில் ஸ்டேஷனர் என்றார்கள்.

பொருளில் குழப்புபவற்றுக்குத் தமிழையே கேளுங்கள், சில இடத்தில் அது காப்பாற்றும், சில இடத்தில் காலை வாரிவிடும். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் பை, 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் அன்டில். இதை மாற்றி எழுதித்தான் பல மெயில்கள் விபரீதமாகிவிடுகின்றன. ஆனால் கடன் என்ற சொல் உதவாது, வாங்குவதிலும் கொடுப்பதிலும் அதுவேதான் இருக்கிறது. அங்கே பின்னால் வரும் சொல்லைப் பிடியுங்கள்: வாங்கும் பாரோவுக்குப் பிறகு ஃபிரம், கொடுக்கும் லெண்டுக்குப் பிறகு பெரும்பாலும் டு. ரிமெம்பர், ரிமைண்டும் அப்படித்தான், யாருக்கு நினைவூட்டுகிறோம் என்று ஓர் ஆளைச் சொல்லாமல் ரிமைண்ட் பெரும்பாலும் நிற்காது.

ஸ்பெல் செக்கரை மட்டும் நம்பிவிடாதீர்கள். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் அது பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. நீங்கள் வழக்கமாகத் தடுக்கிவிழும் சொற்களை மட்டும் ஒரு குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டு, முக்கியமான எதையும் அனுப்பும் முன் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடும் பெட்டியில் போட்டு, வந்த இடத்திலெல்லாம் நின்று ஒருமுறை படித்துவிடுங்கள்.