டெவ் விஎம் பில்லை குறைக்கணுமா, இதை பாருங்க

அஷ்யூர்ல (மைக்ரோசாஃப்ட்டோட கிளவுட்) டெவ் மெஷின், அதாவது டெவலப்மென்ட் வேலைக்கு வாடகைக்கு எடுத்த விஎம் (வர்ச்சுவல் மெஷின்) வச்சிருந்தீங்கன்னா, உள்ள போய் விண்டோஸ்ல ஷட்டவுன் குடுத்தா மெஷின் நிக்கும் ஆனா மீட்டர் நிக்காது, அஷ்யூர் போர்டல்ல (அதோட வெப்சைட்) வெறும் 'ஸ்டாப்டு'ன்னு காட்டினா காசு ஓடிட்டுதான் இருக்கு. போர்டல்லயே ஸ்டாப் அமுக்குங்க, கூடவே 'டீஅலகேட்டட்'னு (மெஷினுக்கு ஒதுக்கினதை விடுவிச்சாச்சுன்னு அர்த்தம்) வரணும், அதான் முக்கியம்.

தினமும் யாரு ஞாபகம் வச்சு பண்றது, அதனால விஎம் பேஜ்ல ஆட்டோ ஷட்டவுன்ல நைட் 8 மணி போட்டுடுங்க, டைம்ஸோனை யுடிசிலயே (உலகப் பொது நேரம்) விட்டா நம்மூர் நேரம் ராத்திரி 1:30க்குதான் ஆஃப் ஆகும். காலைல ஸ்டார்ட் நாமதான் பண்ணணும். வாரத்துக்கு 168 மணி நேரம், நமக்கு வேணும்ங்கிறது 50 தானே, கம்ப்யூட்ல (மெஷின் ஓடுறதுக்கான காசு) 70% மிச்சம்.

டிஸ்க்குக்கு ஆஃப்ல இருந்தாலும் காசு உண்டு, டெவ்க்கு எதுக்குங்க பிரீமியம் எஸ்எஸ்டி (வேகமான, விலை கூடின டிஸ்க்), ஸ்டாண்டர்ட் போதும். விஎம்மை டெலீட் பண்ணும்போது டிஸ்க்கையும் டிக் பண்ணுங்க.