உங்கள் ஊர்ப் பழைய வக்கீலின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? சேலம் விஜயராகவாச்சாரியாரை வைத்து ஒரு பயிற்சி

பழைய ஊர் எதுவானாலும் ஒரு வக்கீல் இருந்திருப்பார். காலையில் கோர்ட், சாயங்காலம் முனிசிபாலிட்டி, டிசம்பர் வந்தால் காங்கிரஸ் மாநாடு. இன்று அவர் பெயரில் ஒரு தெருவும், நூலகத்தில் தலைப்பாகையோடு ஒரு படமும் மிச்சம். யார் என்று கேட்டால் 'பெரிய தேசபக்தர்' என்று முடித்துவிடுவார்கள். அப்படி ஒருவரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு சேலம் சி. விஜயராகவாச்சாரியார்.

படி 1: ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள்

ஒரே ஒரு தாள் போதும், பெருமை எதுவும் வேண்டாம். 1852: செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் பிறப்பு. 1881: சட்ட வகுப்புக்குப் போகாமலே தேர்வு எழுதி சேலத்தில் வக்கீல். 1882: சேலம் கலவரம். 1895 முதல் 1901 வரை சென்னை சட்டசபை. 1913 முதல் 1916 வரை டெல்லியில் இருந்த மத்திய சட்டசபை. 1920: நாகபுரி காங்கிரஸ் தலைவர். 1944: மறைவு. இப்போது தாளைப் பாருங்கள், எங்கே நெருக்கமாக இருக்கிறது, எங்கே வெறிச்சோடிக் கிடக்கிறது என்று தெரியும். வெறிச்சோடிய இடங்களில்தான் அவர் தினமும் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார், நாம் தேட வேண்டியதும் அங்கேதான்.

படி 2: என்ன வக்கீல் என்று பாருங்கள்

சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் லண்டன் போய்ப் படித்தவர் பாரிஸ்டர், ஹைகோர்ட்டில் வாதாடும் உள்ளூர்ப் படிப்புக்காரர் வக்கீல், அதற்குக் கீழே மொபசல் (வெளியூர்) கோர்ட்டுப் பிளீடர். மூன்றுக்கும் மரியாதை வேறு, ஃபீஸ் வேறு. எல்லோரையும் 'வழக்கறிஞர்' என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

படி 3: வழக்கைப் பிடியுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். 1882-இல் சேலத்தில் ஒரு மசூதி விவகாரத்தில் இந்து முஸ்லிம் கலவரம் மூண்டது. தூண்டிவிட்டார் என்று விஜயராகவாச்சாரியார் மேல் குற்றம் சாட்டி 10 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள், மேல்முறையீட்டில் விடுதலையானார். வக்கீலாகி ஒரே வருஷத்தில் குற்றவாளிக் கூண்டு! வேறொருவராக இருந்தால் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பார், இவரோ முனிசிபல் உறுப்பினர் பதவியிலிருந்து தன்னை நீக்கியது சரியில்லை என்று இந்தியா மந்திரி (இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரி) மேலேயே வழக்குப் போட்டார். லண்டனில் இருந்த மந்திரிக்கும் சேலத்து முனிசிபாலிட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அன்று அரசாங்கத்தின் மேல் வழக்கென்றால் அந்தப் பெயரில்தான் போட முடிந்தது.

சென்னை ஹைகோர்ட் தீர்ப்புகள் 1876 முதல் 'இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்' சென்னை வரிசையில் தொகுதி தொகுதியாக அச்சாகியிருக்கின்றன. இவருடைய வழக்கு 7-ஆம் தொகுதியில், 1884-இல் வருகிறது. முதல் தடவை நான் முழுப் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். அங்கே அவர் பெயர் 'விஜய ராகவா', இரண்டு தனிச் சொல், ஆச்சாரியார் கிடையாது. அதனால் தேடப் போகும் முன் உங்கள் ஆளின் பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அரசாணைகள்

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் துறை வாரியாக, வருட வாரியாக இருக்கும். வருஷம் தெரியாமல் போனால் நாள் முழுக்க வீண், படி 1 இதற்குத்தான். பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம்.

படி 5: பக்கத்தில் இருந்தவர்களைப் பாருங்கள்

ராஜாஜி 1900-இல் அதே சேலத்தில்தான் தொழிலைத் தொடங்கினார், 1917-இல் முனிசிபல் சேர்மன் ஆனார். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே காங்கிரஸ், இருவருக்கும் ஒரு தலைமுறை இடைவெளி. மூத்தவர் எதில் நின்றுவிட்டார், இளையவர் எங்கே தாண்டிப் போனார் என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

படி 6: சங்கடமான பகுதியை விடாதீர்கள்

1920 நாகபுரியில்தான் காந்தியின் ஒத்துழையாமைத் திட்டம் உறுதியானது. வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதும் அதில் ஒன்று. தலைவர் நாற்காலியில் இருந்தவரோ வாழ்நாள் முழுக்கச் சட்டத்தால் ஜெயித்த மனிதர், அவருக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1931-இல் அகோலாவில் கூடிய இந்து மகாசபைக்கும் அவரே தலைவர். பல கட்டுரைகள் இந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகின்றன. எழுதுங்கள். ஆனால் 1882-லிருந்து 1931-க்கு நேராக ஒரு கோடு இழுத்து 'அன்றே அப்படித்தான்' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நடுவில் கிட்டத்தட்ட 50 வருஷம் இருக்கிறது.

படி 7: முதல் வரி

'பொன்விளைந்த களத்தூரில் பிறந்தார்' என்று ஆரம்பிக்க வேண்டாம், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஆகிவிடும். நானென்றால் இப்படித் தொடங்குவேன்: 'சேலம் முனிசிபாலிட்டியில் தன் நாற்காலியைத் திரும்பக் கேட்டு ஒரு வக்கீல் இந்தியா மந்திரி மேல் வழக்குப் போட்டார்.' அப்புறம் பிறந்த ஊர் மூன்றாவது பத்தியில் வந்தால் போதும்.