பறங்கிக்காய் காம்பிலிருந்து அழுகாமல் காத்த விதம்

சேமித்து வைத்த பறங்கிக்காய்கள் காம்படியிலேயே அழுகத் தொடங்கியதால், அறுவடை முறையையே மாற்றினேன். காம்பு காய்ந்து தக்கைபோல் ஆகி, தோலில் நகத்தை அழுத்தினாலும் இறங்காத நிலை வந்த பிறகே, திருகிப் பறிக்காமல், மூன்று விரற்கடைக் காம்போடு கத்தியால் அறுக்கிறேன். காம்பு ஒடிந்த காயில் அந்த வாய் வழியே பூஞ்சணம் எளிதில் நுழைந்துவிடும் என்பதால், அதை முதலில் சமைத்துவிட வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது.

அறுத்த காய்களைக் கழுவாமல், மண்ணை உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் 10 நாள் பரப்பி வைத்தால், சிறு கீறல்கள் ஆறித் தோலும் கெட்டிப்படும். இதற்கு 27 முதல் 29 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது; தை, மாசி மாதங்களின் பகல் வெப்பமே நம் ஊரில் இதற்குப் போதும். பிறகு, ஒன்றோடொன்று உரசாதபடி, வைக்கோல் பரப்பிய பரணில் ஒரே அடுக்காக வைக்கிறேன். வெறுந்தரையில் வைத்தால் அடிப்பக்கம் ஈரம் கோத்துக்கொள்ளும். முழுக்காய்க்குக் குளிர்பதனப் பெட்டி உகந்ததன்று, ஏனெனில் 10 பாகைக்குக் கீழான குளிர் நீடித்தால் காய் கெடும்.

வாரந்தோறும் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, மென்மை தட்டுப்படும் காயை உடனே அகற்றுவதையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். இப்போது நன்கு முற்றிய காய்கள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கின்றன.