தார்ப்பாய்க்கு முகட்டுக்கயிறு கட்டும் முறை: மழையிரவில் ஹேமக்கில் உறங்குவோருக்கு

இரண்டு மரங்களுக்கிடையே ஹேமக் (தூளிபோலத் தொங்கும் துணிப் படுக்கை) கட்டி உறங்குபவருக்குத் தலைக்கு மேலே இருக்கும் ஒரே கூரை தார்ப்பாய்தான். அந்தக் கூரைக்கு மோட்டுவளையாக நிற்பது, ஹேமக்குக்கு மேலே மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டப்படும் ஒற்றைக் கயிறு. ஓலைக் கொட்டகையில் மோட்டுவளை தொய்ந்துவிட்டால் கூரை முழுவதும் குழிந்து தண்ணீர் தேங்குவதைப் பார்த்திருப்போம். முகட்டுக்கயிறு தொய்ந்தாலும் அதுவேதான் நடக்கும்; பிறகு நான்கு மூலைகளை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பயனில்லை. ஆகவே முகாமிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் கட்ட வேண்டியதும், கிளம்பும்போது கடைசியில் அவிழ்க்க வேண்டியதும் இந்தக் கயிறே.

இதை நான் ஏற்காட்டில் கற்றுக்கொண்டேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த மலையில், தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில், அவருடைய அனுமதியோடு அக்டோபர் மாதத்தில் ஓர் இரவு தங்கினேன். மாலையில் நைலான் கயிற்றைச் சுண்டினால் ஒலிக்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். நள்ளிரவில் முழங்காலில் ஏதோ குளிர்ச்சியாகப் படவே விழித்துப் பார்த்தால், கயிறு நடுவில் ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருந்தது. தார்ப்பாயின் ஒரு பக்கம் தொப்பை போட்டு, அதில் ஒரு குடம் தண்ணீர் தேங்கியிருந்தது. நைலான் நனைந்தால் நீளும் என்பது, மழைக்காலத்தில் துணி காயப்போடும் கொடியைப் பார்த்த எவருக்கும் தெரிந்த செய்திதான். அதை நான் காட்டில் நினைத்துப் பார்க்கவில்லை.

எனவே கயிற்றைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கடைகளில் பாராகார்டு என்ற பெயரில் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் நைலான் கயிறு வலுவானது, மலிவானது, கைக்கு இதமானது. ஆனால் பாரத்திலும் ஈரத்திலும் நீளும். அதே பருமனில் பாலியெஸ்டர் கயிறு கிடைத்தால் அதையே வாங்குங்கள். டைனீமா வகைக் கயிறு 2 மில்லிமீட்டர் பருமனிலேயே போதிய வலுவுடையது, ஏறத்தாழ நீளவே நீளாது, தண்ணீரையும் உறிஞ்சாது. ஆயினும் அது வழுவழுப்பானது என்பதால் சாதாரண முடிச்சுகள் அதில் நழுவக்கூடும், விலையும் அதிகம். முதன்முறை கட்டுபவருக்குப் பாலியெஸ்டரே நல்லது என்பது என் கருத்து. நீளம் 10 மீட்டர் இருக்கட்டும். மரங்களுக்கிடையே நாலரை மீட்டர், இரு மரங்களையும் சுற்றிவர ஏறக்குறைய 2 மீட்டர், இறுக்குவதற்கு மேலும் 2 மீட்டர் என்று கணக்கிட்டால் சிறிது மிச்சம் கையில் நிற்கும்.

மரங்கள் 4 முதல் 5 மீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெலிந்த மரம், நீங்கள் ஹேமக்கில் உட்கார்ந்ததும் உள்நோக்கிச் சாயும். அது சாய்ந்த அளவுக்கு முகட்டுக்கயிறு தொய்யும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் நேராகவும் உறுதியாகவும் நிற்பதால் கட்டுவதற்கு ஏற்றது போலத் தோன்றும், ஆனால் அதன் கிளைகள் காற்றில் எளிதில் முறிபவை. அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை ஒன்று தெரிந்தாலும் வேறு மரத்துக்குப் போய்விடுங்கள். காய் நிற்கும் தென்னைக்கும் இதே விதிதான். இன்னொன்று: அந்தச் சில்வர் ஓக் மரங்களில் பெரும்பாலும் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். கொடியின் மேல் கயிற்றைச் சுற்றி இறுக்கினால், மறுநாள் காலையில் நசுங்கிய தண்டும் உதிர்ந்த சரமும்தான் மிஞ்சும். ஒரு குடும்பத்தின் வருமானம் அது. கொடியில்லாத மரத்தையே தேடிக் கட்டுங்கள். காப்புக்காட்டில் தங்குவதானால் வனத்துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உயரம், ஹேமக்கின் பட்டை மரத்தைச் சுற்றும் இடத்திலிருந்து ஒரு சாண் மேலே. காற்றும் மழையும் சேர்ந்து வரும் என்று தெரிந்தால் இதற்கு மேல் போக வேண்டாம், ஏனெனில் கூரை உயர உயரச் சாரல் உள்ளே வரும். தார்ப்பாயின் முகட்டு நீளமும் முக்கியம். 3.3 மீட்டர் நீளமுள்ள ஹேமக் தொங்கும்போது, அதன் இரு நுனிகளுக்கிடையே சுமார் 2.75 மீட்டர் இருக்கும். தார்ப்பாயின் முகடும் 3.3 மீட்டர் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஒரு சாணுக்குச் சற்று மேலாகவே மறைப்பு கிடைக்கும். 3 மீட்டர் சதுரத் தார்ப்பாயை மூலைக்கு மூலையாகத் தொங்கவிட்டால் முகடு 4.2 மீட்டருக்கு நீளும், ஆனால் பக்கங்கள் குறுகிவிடும். அது வெறும் பனிக்குப் போதும், பருவமழைக்குப் போதாது.

இனி கட்டும் முறை. கயிற்றின் ஒரு நுனியில் ‘8’ வடிவ முடிச்சால் அவிழாத கண்ணி ஒன்று போட்டு, அதில் சிறிய காராபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். முதல் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் காராபினரைக் கயிற்றின் மேலேயே கொளுவினால் அங்கே வேலை முடிந்தது. மறுநுனியை இரண்டாம் மரத்துக்குக் கொண்டுபோங்கள். இங்கேதான் லாரியில் பாரம் ஏற்றித் தார்ப்பாய் கட்டுபவர்கள் போடும் இறுக்கு முடிச்சு வேண்டும். மரத்துக்கு இரண்டு முழம் முன்னால், கயிற்றிலேயே ஓர் உருவு கண்ணி (வேலை முடிந்ததும் உருவி அவிழ்க்கக்கூடிய கண்ணி) போடுங்கள். கயிற்றின் நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்து, மீண்டும் மரத்தை நோக்கி இழுங்கள். கொள்கையளவில் நீங்கள் இழுக்கும் விசை மும்மடங்காகிக் கயிற்றில் சேரும்; மரப்பட்டையிலும் கண்ணியிலும் ஏற்படும் உராய்வில் அதில் கணிசமான பங்கு போய்விடும் என்றாலும், ஒரு கையால் இழுத்தே போதிய இறுக்கம் கிடைத்துவிடும். இறுக்கியதும், கண்ணியில் கயிறு மடங்கும் இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரண்டு அரை முடிச்சுகள் போடுங்கள். விரலை முன்னரே எடுத்துவிட்டால் இழுத்ததெல்லாம் நழுவிவிடும். இரண்டாவது அரை முடிச்சை, நுனியை முழுவதும் உருவாமல் மடித்தபடியே விட்டுவைத்தால், விடியற்காலையில் விறைத்த விரல்களாலும் ஒரே இழுப்பில் அவிழ்க்கலாம்.

தார்ப்பாயை இந்தக் கயிற்றில் நேரடியாக முடிய வேண்டாம். பிரதான கயிற்றைவிட மெல்லிய கயிற்றில், உள்ளங்கை நீளத்துக்கு இரண்டு வளையங்கள் செய்து, ஒவ்வொன்றையும் பிரதான கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, வளையத்தின் ஒரு நுனியை மறு நுனிக்குள் நுழைத்து இறுக்குங்கள். இதுதான் புரூசிக் முடிச்சு. ஆஸ்திரிய மலையேறியான கார்ல் புரூசிக் 1931ஆம் ஆண்டில் விவரித்த முடிச்சு. பாரம் இல்லாதபோது கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்ததும் பற்றிக்கொள்ளும். சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், பாய் பின்னியதுபோல வரிசையாகப் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஏறியிருந்தாலும் பிடிப்பு குறையும். வழுவழுப்பான கயிறானால் நான்கு சுற்று வேண்டும். தார்ப்பாயின் முகட்டு வளையத்துக்குள் புரூசிக் வளையத்தின் தொங்கும் நுனியை நுழைத்து, விரல் நீளக் குச்சி ஒன்றைச் செருகினால் போதும். பிறகு இரு புரூசிக்குகளையும் வெளிப்புறமாகத் தள்ளினால், முகட்டுத் தையல் சுருக்கமின்றி நேராக நிற்கும். தார்ப்பாய் ஹேமக்குக்கு நடுவாக வரவில்லை என்றால் மர முடிச்சுகளைத் தொடாமலே இவற்றை நகர்த்திச் சரிசெய்யலாம். இந்த ஒரு வசதிக்காகவே இந்த முறையை நான் விடாமல் பின்பற்றுகிறேன்.

கயிறு தார்ப்பாய்க்கு மேலே ஓட வேண்டுமா, அடியில் ஓட வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். அடியில் ஓடினால் துணிக்குத் தாங்கல் கிடைக்கும். பழைய, கனத்த தார்ப்பாய்க்கு அது உதவும். ஆனால் மழையில் மரத்தில் வழியும் நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கூரைக்கு அடியில் வந்து, உங்கள் நெஞ்சுக்கு நேர்மேலே சொட்டும். இதைத் தடுக்க, தார்ப்பாயின் விளிம்புக்கு வெளியே, கயிற்றில் ஒரு சாண் நீளப் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். கயிற்றோடு வரும் நீர் அந்த நூலில் இறங்கித் தரையில் விழுந்துவிடும். ஹேமக்கின் இரு பட்டைகளிலும் இதே நூல் வேண்டும். கயிறு மேலே ஓடினால் நீர் தார்ப்பாயின் வெளிப்புறத்திலேயே சொட்டி ஓடிவிடும். மழைக்காலத்துக்கு நான் மேலேதான் ஓட்டுகிறேன்.

மூலைகளின் இழுகயிறுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காற்று வரும் பக்கத்தை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, முளைகளை வெளிப்புறம் சாய்த்து அடியுங்கள். தார்ப்பாய் நைலான் துணியானால் நனைந்ததும் தொய்யும். அந்தத் தொய்வை ஈடுகட்ட ஒவ்வோர் இழுகயிற்றிலும் ஒரு சாண் எலாஸ்டிக் கயிற்றை இணைத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. முகட்டுக்கயிற்றில் யாரும் தொங்கவோ, பிடித்துக்கொண்டு எழவோ கூடாது. குழந்தைகள் உடனிருந்தால் முன்பே சொல்லிவையுங்கள். ஹேமக்கின் பட்டைகள் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கும்போது, 70 கிலோ எடையுள்ளவர் படுத்தால் ஒவ்வொரு பட்டையிலும் 70 கிலோ அளவுக்கே இழுவிசை இருக்கும். அதே ஆள், நடுவில் பாரம் விழுந்தும் 5 பாகை மட்டுமே சாயும் அளவுக்கு இறுகிய கயிற்றில் தொங்கினால், அந்த இழுவிசை ஒவ்வொரு பக்கமும் 400 கிலோவாகிவிடும். பாராகார்டு தாங்குவது ஏறத்தாழ 250 கிலோதான். இருட்டில் கழுத்தில் பட்டுவிடாமல் இருக்க, தார்ப்பாய்க்கு வெளியே நீளும் கயிற்றுப் பகுதிகளில் வெள்ளைத் துணி ஒன்று கட்டுங்கள். இடியோசை கேட்டால், எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்கோ வண்டிக்குள்ளோ போய்விடுங்கள்.

எல்லாம் கட்டி முடித்ததும் ஹேமக்கில் முழு எடையோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து இரண்டாம் மரத்து முடிச்சை அவிழ்த்து ஒருமுறை மீண்டும் இறுக்குங்கள். ஹேமக்கின் பட்டை படிந்து, மரம் சாய்ந்து, முடிச்சு இறுகியதால் ஏற்பட்ட தொய்வெல்லாம் அப்போது வெளியே வந்திருக்கும். மழை தொடங்கி அரை மணி நேரத்தில் இன்னொருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். காலையில் மழை நிற்காவிட்டால் படுக்கை, ஹேமக், பை என்று எல்லாவற்றையும் கூரைக்கு அடியிலேயே மடித்து மூட்டையாக்கிவிட்டு, அதன் பிறகு தார்ப்பாயை உதறி மடித்து, ஈரக் கயிற்றைத் தனிப் பையில் சுருட்டி வையுங்கள். வீடு சேர்ந்ததும் நிழலில் உலர்த்துங்கள்.