நைலான் நரம்பு அறுந்துகொண்டே இருந்ததற்குக் காரணம்

பேட்டரி புல்வெட்டியில், சுழன்று புல்லை வெட்டும் நைலான் நரம்பு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. நரம்புச் சுருள் இருக்கும் தலையின் அடியைத் தரையில் தட்டினால் புது நரம்பு வெளியே வர வேண்டும், வரவில்லை. தலையைத் திறந்தால், நரம்பு வெளியே வரும் துளைக்கு உள்பக்கமே முறிந்திருந்தது. தலைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றினேன். சுற்றும் திசை காட்டும் அம்புக்குறி பார்த்து நரம்பை மறுபடி சுற்றினேன். 1.6 மி.மீ. தடிமன் நரம்புக்குப் பதில் 2.4 மி.மீ. போட்டதில் மோட்டார் சூடாகி, பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததுதான் மிச்சம். மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் முறிந்த நுனியைக் கவனித்தேன். தேய்ந்து கூராகவில்லை, காய்ந்த ஈர்க்குச்சி போல மொட்டையாக ஒடிந்திருந்தது. கோடை முழுக்கத் தகரக் கொட்டகையில் கிடந்த நரம்பு அது. நைலான் ஈரத்தை இழந்தால் விறைத்துவிடும்.

பழைய 1.6 நரம்பையே ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துச் சுற்றினேன். சரியாகிவிட்டது, பெரிய நிம்மதி. நடைபாதை ஓரத்தைக்கூட ஒரே மூச்சில் வெட்டி முடித்தேன். மீதிச் சுருள் இப்போது ஈரத்துணியோடு மூடிய டப்பாவில்.