சப்டைட்டிலை மறைத்த பிறகுதான் காதில் விழுந்தது

குன்னூரில் வீட்டிலேயே ஆறு பேருக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். கேட்கும் பயிற்சிக்காக முழுப் படமே போட்டேன், ஆங்கில சப்டைட்டிலோடு. கதை எல்லோருக்கும் புரிந்தது. ஒரு ஸ்பானிஷ் சொல்கூட மனதில் நிற்கவில்லை. பிள்ளைகள் வாசித்தார்கள், கேட்கவே இல்லை.

அப்புறம் இரண்டே நிமிடக் காட்சியாக வெட்டினேன். முதலில் எழுத்தே கிடையாது. காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னேன். ஒருத்தி 'லாமிகா' என்று எழுதிவிட்டு, அகராதியில் தேடித் தவித்தாள். லா, அமிகா என்ற இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டது அது. தோழி என்று பொருள். சிவ, ஆலயம் சேர்ந்து சிவாலயம் ஆகிறதே, அதே மாதிரி என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது! மூன்றாம் தடவைதான் ஸ்பானிஷ் சப்டைட்டில். தகரக் கூரையில் மழை அடிக்கும் நாளில் மட்டும் ஹெட்போன் வேண்டும்.