மியூஸ்ஸ்கோரில் ரோமன் எண் கார்ட் குறியீடுகள்: தொடக்கநிலைச் செய்முறை

ஓர் இசைப் பகுதியின் ஹார்மனியைப் பிரித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்தொலிக்கும் சுரத் தொகுப்புக்கும்) கீழே, அது ஸ்கேலின் எத்தனையாவது சுரத்தில் அமைந்தது என்று காட்டும் ரோமன் எண் எழுதுவோம். தாளில் அது நொடி வேலை. கணினியில் பலர் இதைப் பாடல் வரியாகவோ வெறும் டெக்ஸ்டாகவோ தட்டிவிட்டு, ரோமன் எண்ணோடு வரும் 6-ஐயும் 5-ஐயும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்த மல்லுக்கட்டுகிறார்கள். மியூஸ்ஸ்கோரில் இதற்கென்றே தனி வசதி உண்டு. இசைக்குறிப்பு எழுதும் இலவச மென்பொருள்தான் இது. இங்கே சொல்வது 4-ஆம் பதிப்புக்கு.

பயிற்சிக்கு சி மேஜரில் ஒரே ஒரு பார் போதும். பியானோவுக்கான இரட்டை ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசையில்), பேஸில், அதாவது கீழ் ஸ்டாஃபில், சி, எஃப், ஜி, சி என நான்கு கால் நோட்டுகள் போடுங்கள். மேல் ஸ்டாஃபில் மீதி சுரங்களை நிரப்புங்கள். வரிசையாக முதல் கார்ட், இரண்டாம் கார்டின் (டி, எஃப், ஏ, சி) 6-5 வடிவம், ஐந்தாம் கார்ட் ஏழுடன், மீண்டும் முதல் கார்ட்.

இனி கீழ் ஸ்டாஃபின் முதல் நோட்டை க்ளிக் செய்யுங்கள். மேல் ஸ்டாஃபில் க்ளிக் செய்தால் குறியீடுகள் இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிடும். பிறகு மேல் மெனுவில் ‘சேர்’, அதற்குள் ‘டெக்ஸ்ட்’, அதற்குள் ‘ரோமன் எண் பகுப்பாய்வு’. கண்ட்ரோலும் கே-யும் சேர்த்து அழுத்தினால் வருவது வேறு: அது கிட்டாருக்கு எழுதுவதுபோல் ஸ்டாஃபுக்கு மேலே நிற்கும் கார்ட் பெயர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கர்சர் மின்னுகிறதா? ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’ அடித்து, ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். கர்சர் தானாக அடுத்த நோட்டுக்குப் போகும். அங்கே சிறிய எழுத்து ‘ஐ’ இரண்டு முறை, இடைவெளி விடாமல் 6, 5. வேறெதுவும் செய்ய வேண்டாம். இரண்டு எண்களும் சிறிதாகி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். அடுத்ததற்குப் பெரிய ‘வி’யும் 7-ம், கடைசிக்கு மறுபடி பெரிய ‘ஐ’. எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள்.

அந்த 6-5 எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டாயம் புரிந்துகொள்ளுங்கள். பேஸில் எஃப் இருக்கிறது. அதிலிருந்து எண்ணினால் சி ஐந்தாவது, டி ஆறாவது. ஏழாம் சுரமும் சேர்ந்த கார்டின் முதல் தலைகீழ் வடிவத்துக்கு, அதாவது மூல சுரத்துக்குப் பதில் கார்டின் அடுத்த சுரம் பேஸில் நிற்பதற்கு, இதுவே அடையாளம். இரண்டாம் தலைகீழுக்கு 4-3, மூன்றாவதற்கு 4-2. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் எந்த எண்ணைத் தட்டுவது என்ற சந்தேகமே வராது.

பெரிய எழுத்து மேஜர், சிறிய எழுத்து மைனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் இசையறிஞர் காட்ஃபிரீட் வெபர் பரப்பிய இந்த வழக்கம் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் எழுத்து மட்டுமா மாறும், கார்டே மாறிவிடும். டிமினிஷ்டு கார்டைக் காட்டும் சிறு வட்டத்துக்கு எண்ணுக்குப் பின்னால் சிறிய ‘ஓ’ அடியுங்கள். ஃப்ளாட்டுக்கு எண்ணின் முன்னால் சிறிய ‘பி’. டி, எஃப் ஷார்ப், ஏ, சி என்ற கார்ட் சி மேஜரில் வந்தால் அது ஐந்தின் ஐந்து, அதாவது ஐந்தாம் கார்டை முதலாகக் கொண்டு எண்ணினால் வரும் ஐந்தாம் கார்ட்: ‘வி’, 7, சாய்கோடு, மறுபடி ‘வி’ என ஒரே மூச்சில் தட்டலாம்.

‘சி மேஜர்’ என்ற ஸ்கேல் பெயரை இதற்குள் திணிக்காமல் தனி ஸ்டாஃப் டெக்ஸ்டாகப் போடுங்கள். அது மேலேதான் வரும். தேர்ந்தெடுத்து எக்ஸ் விசையை அழுத்தினால் கீழே இறங்கும்.

அடுத்து, எல்லோரும் விட்டுவிடும் வேலை. தாழ்ந்த நோட்டு வரும் இடத்தில் அதன் குறியீடு மட்டும் கீழே தள்ளப்பட்டு, வரிசை மேடு பள்ளமாகத் தெரியும். படிப்பவரின் கண் ஒரே கோட்டில் ஓட வேண்டும் என்பதால் இதை அப்படியே விடக் கூடாது. ஒரு குறியீட்டை வலது க்ளிக் செய்து, தேர்வு மெனுவில் அதே ஸ்டாஃபில் உள்ள அதே வகை அனைத்தையும் பிடியுங்கள். ‘பண்புகள்’ பலகையில் செங்குத்து நகர்வின் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மிகத் தாழ்ந்த நோட்டையும் தாண்டியதும் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். எழுத்தளவை மாற்ற, ‘வடிவமைப்பு’ மெனுவின் ஸ்டைல் பகுதியில் டெக்ஸ்ட் ஸ்டைல்களுக்குள் ரோமன் எண்ணைத் தேடுங்கள். அங்கே ஒருமுறை மாற்றினால் மொத்த ஸ்கோருக்கும் பொருந்தும்.

பிடிஎஃப் எடுத்த பிறகு, அச்சிடப்போகும் தாளின் அளவிலேயே திரையில் பாருங்கள். 6-5-இன் எண்கள் மங்கலாகத் தெரிந்தால் ஸ்டைலுக்குப் போய் அளவை ஒரு புள்ளி ஏற்றி, மீண்டும் பிடிஎஃப் எடுங்கள்.